பிரிஜிட் தாண்டிப் போன வீடு

தாண்டிப் போய்விட்டார்கள்.

அவள் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். கையில் தட்டு. தட்டு நிறைய ரவா லட்டு.

ஊர்வலத்தில் எல்லோரும் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார்கள். வைக்கோலில் முடைந்த கூம்புத் தொப்பி முகத்தை முழுதாக மூடியிருந்தது. நடுவில் ஒருவர் வைக்கோல் பொம்மையைக் கைக்குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு நடந்தார்.

பொம்மைதான் பிரிஜிட். குளிர்காலத்தை அனுப்பிவிட்டு வசந்தத்தைக் கூட்டி வருகிறவள். அவள் பழைய காலத்துச் சாமியா, மாதா கோயில் புனிதையா என்பதில் அந்த ஊரிலேயே இரண்டு கட்சி உண்டு. எந்தக் கட்சியாக இருந்தாலும், அவள் வீட்டுக்குள் வந்து போனால்தான் வருஷம் நன்றாக இருக்கும் என்பதில் மட்டும் சண்டை கிடையாது.

அயர்லாந்தின் மேற்குக் கோடி. கடல் காற்றுக்குக் குனிந்து பழகிய ஒரே ஒரு தெரு.

எல்லா வீட்டுக்கும் போனார்கள். தபால்காரர் வீட்டுக் கூடத்தில் ஒரு முழு ஆட்டம் ஆடினார்கள். ஊரோடு பேச்சுவார்த்தை இல்லாத கிழவர் வீட்டுக்குக்கூடப் போனார்கள். அவர் கதவைத் திறந்து திட்டினார், கூட ஆடினார், மூச்சு வாங்கியதும் மறுபடி திட்டினார்.

அவள் வீட்டு கேட் வந்ததும் அக்கார்டியன் வாசிப்பு நின்றது.

பேச்சும் நின்றது.

பூட்ஸ் சத்தம் மட்டும் கடந்து போனது.

அடுத்த வீட்டு வாசலில் பாட்டு திரும்பவும் ஆரம்பித்தது.

அவளுக்கு ஒன்றும் ஓடவில்லை. போன வருஷம் வந்தார்களே. வைக்கோல் முகங்களைக் கண்டு அவள் அலறிய அலறல் ஊர் முழுக்கக் கேட்டது. அவள் கணவனைப் பிடித்து இழுத்து ஆடவைத்தார்கள். ஆடிவிட்டு அவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு படுத்த கதையைக் கடைத்தெருவில் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

பிறகு என்ன?

மீன் குழம்பு வாடையா? ஞாயிற்றுக்கிழமை துணி காயப்போட்டதா? கோயில் பாதிரியாரிடம் சரியாகச் சிரிக்கவில்லையா?

முதியோர் இல்லத்தில் வேலை அவளுக்கு. அந்தத் தொப்பிகளுக்குள் இருப்பவர்களில் பாதிப்பேருடைய அப்பா அம்மாவை அவள்தான் குளிப்பாட்டுகிறாள். அதை நினைத்ததும் நெஞ்சு கொதித்தது.

இந்த மாதம்தான் வீட்டை விலைக்கு வாங்கிவிடலாம் என்று பேச்சு. கணவனுக்கு இஷ்டமில்லை. நம் மனுஷர்கள் இருக்கும் டப்ளினுக்கே போகலாம் என்றான். இதுதான் நம் ஊர் என்று ஒற்றைக்காலில் நின்றவள் அவள். இன்றைக்கு அவன் வேலை முடிந்து வந்ததும் சொல்லிவிட வேண்டியதுதான். நீ சொன்னதுதான் சரி, மூட்டையைக் கட்டு.

தட்டை மேசையில் வைத்தாள். வாசல் விளக்கை அணைத்தாள்.

பின்கதவைத் தள்ளிக்கொண்டு நுவாலா வந்தாள்.

பக்கத்து வீடு. மாடு வைத்திருக்கிறவள். ஒருநாளும் முன்வாசல் வழியாக வந்ததில்லை. வெள்ளைச் சட்டையும், அக்குளில் இடுக்கிய கூம்புத் தொப்பியும், நரைமுடியெல்லாம் வைக்கோலுமாக நின்றாள்.

நீயுமா அதில் இருந்தாய் என்று அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. நான் என்ன தப்புச் செய்தேன் என்று நேராகவே கேட்டுவிட்டாள்.

நுவாலா விழித்தாள்.

"என்ன கண்ணு பேசற? சாவு விழுந்த வீட்டுக்கு வருஷம் திரும்பற வரைக்கும் ஆட்டம் பாட்டத்தோட வரமாட்டோம். வாசல்ல பாட்டை நிறுத்திட்டுத்தான் தாண்டுவோம். உனக்குத் தெரியும்னுல்ல நினைச்சோம்."

சாவா? எந்த வீட்டில்?

ஒரு கணம் நிஜமாகவே அவளுக்குப் புரியவில்லை.

அம்மா.

கார்த்திகையில், விளாத்திகுளத்தில். இவளால் போய்ச் சேர முடியவில்லை. யாரோ போனைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அதில் அம்மாவைவிடப் பந்தல்தான் அதிகம் தெரிந்தது. கடைசியில் அண்ணன் போனை வாங்கிச் சொன்னான்: "கட்டிக் கொடுத்த பிள்ளைக்கு மூணு நாளுதாம்மா தீட்டு. அதுக்கு மேல நீ உன் வீட்டைப் பாரு. தைப்பொங்கலு வைக்கலாம், ஒண்ணும் தப்பில்ல."

நான்காம் நாள் வேலைக்குப் போனாள். தையில் பொங்கலும் வைத்தாள், குக்கரில். அடி பிடித்துவிட்டது.

இங்கே யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. முகம் ஏன் இப்படி இருக்கிறது என்று கடைக்காரப் பெண் கேட்டபோது மட்டும் ஒரே ஒரு வார்த்தை. ஒரு ஊருக்கு அது போதும் போலிருக்கிறது.

"எனக்கு மூன்று நாள்தான்" என்றாள்.

நுவாலாவுக்கு விளங்கவில்லை.

அவள் விளக்கினாள். பெண்ணைக் கட்டிக் கொடுத்துவிட்டால் வேறு வீடு. அங்கே நடக்கிற சாவு அண்ணன் தம்பிகளுக்குத்தான் வருஷக்கணக்கு. பெண்ணுக்கு மூன்று நாள், அத்தோடு முடிந்தது. அதனால் நீங்கள் தாராளமாக வந்திருக்கலாம், லட்டுகூடச் செய்து வைத்திருந்தேன் என்றாள். வேகவேகமாகச் சொன்னாள். சொல்லச் சொல்ல அவளுக்கே எங்கேயோ இடித்தது.

நுவாலா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். அவள் நெற்றி சுருங்கியது.

"அம்மாவுக்கா?" என்றாள்.

பதில் சொல்லத்தான் அவள் வாயைத் திறந்தாள்.

தெருவில் அடுத்த ஆட்டத்துக்கு ஆள் குறைகிறது என்று நுவாலாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

நுவாலா போகவில்லை. தொப்பியைத் தரையில் போட்டுவிட்டு, அழுகிறவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.