மிஞ்சிய ஒரு மெழுகுவத்தி

பீரங்கி மறுபடியும் வெடித்தது. கல் கூரையிலிருந்து சுண்ணாம்புத் தூள் உதிர்ந்து கார்ப்ரல் வெண்டல் கிராஸின் முக்கோணத் தொப்பியில் விழுந்தது. அவர் தோளால் கதவை முட்டினார். ஓக் மரக் கதவு அசையவில்லை.

"காத்து அடிச்ச வேகத்துல வெளித் தாழ்ப்பாள் விழுந்துருச்சு மேடம்."

"கத்துங்க."

கத்தினார். வெளியே யாரோ கை தட்டினார்கள். "இந்தக் கைதி நல்லா நடிக்கிறாருப்பா," என்றது ஒரு குழந்தைக் குரல்.

கோட்டை மைதானத்தில் 1777-ஆம் ஆண்டுச் சண்டையை நடித்துக் காட்டிக்கொண்டிருந்தார்கள். நான்கு மணிக்குத்தான் முடியும். அதுவரை எந்த அலறலும் நடிப்புதான்.

உள்ளே மாட்டிக்கொண்ட இன்னொருவர் டொரோத்தியா ஹால்ட்மன், முகாமின் பரிசோதகர். சட்டைப் பொத்தானோ பூட்ஸ் ஆணியோ, அந்தக் காலத்தில் இல்லாத எதைக் கண்டாலும் தவறு என்று சீட்டு எழுதிவிடுவார். வெண்டலின் கம்பெனி போன வருடமே ஒரு சீட்டு வாங்கியிருந்தது. ஒருவன் கோட்டுக்கு அடியில் ஜிப் வைத்திருந்தான். இன்னொரு சீட்டு விழுந்தால் முப்பத்திரண்டு பேரும் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். இந்தக் கோட்டைக்குள் மறுபடி கால் வைக்க முடியாது.

இன்று டொரோத்தியா பார்க்க வந்தது மெழுகுவத்தி. சாதாரணப் படைவீரனுக்கு அன்று கிடைத்தது கொழுப்பில் செய்ததுதான். பாரஃபின் மெழுகு வந்ததே எழுபது எண்பது வருடம் கழித்து. "எரியவிட்டுக் காட்டுங்க," என்றார். வெயிலில் சுடர் சரியாகத் தெரியாது என்று சொல்லி, வெண்டல்தான் இந்தக் காலி வெடிமருந்து அறைக்குள் கூட்டிவந்தார்.

"ஃபோன் இருக்கா?" என்றார் டொரோத்தியா.

"கார்ல இருக்கு. முகாமுக்குள்ள ஃபோன் கூடாதுன்னு போர்டு வெச்சதே நீங்கதானே."

டொரோத்தியா சுற்றிலும் பார்த்தார். அறைக்கு ஜன்னல் கிடையாது. பீப்பாய் மேல் வெண்டலின் தகர விளக்கு மட்டும் இருந்தது. அதில் கண்ணாடிக்குப் பதில் மாட்டுக் கொம்பைச் சீவிய தகடு. மஞ்சள் ஒளி அதன் வழியே மங்கலாகத் துடித்தது.

"எனக்கு இருட்டு ஆகாது," என்றார் டொரோத்தியா, சின்னக் குரலில். "ஒண்ணுதான் வெச்சிருக்கீங்களா?"

"பன்னெண்டு செஞ்சேன் மேடம். நேத்து ராத்திரி ரக்கூன் வந்து பெட்டியைத் திறந்து பதினொண்ணைத் தின்னுட்டுப் போயிருச்சு. ஆட்டுக் கொழுப்பாச்சே, விடுமா?"

"பாரஃபின்ல வாங்கியிருந்தா தின்னிருக்காது."

"வாங்கியிருந்தா நீங்க என்னைத் தின்னிருப்பீங்க."

டொரோத்தியாவுக்குச் சிரிப்பு வந்தது. குனிந்து முகர்ந்தார். விளக்கின் தகரத்தில் படிந்திருந்த ஆட்டுக் கொழுப்பு வாடை மூக்கில் ஏறியது. விளக்கின் சிறு கதவைத் திறக்கக் கை நீட்டினார்.

"திறக்காதீங்க," என்றார் வெண்டல் அவசரமாக. "காத்துப் பட்டா அணைஞ்சிரும். சிக்கிமுக்கிக் கல்லு கூடாரத்துல கிடக்கு."

கை பாதியில் நின்றது. "சரி. வெளிய போனதும் முதல் வேலையா இதைத்தான் திறந்து பாப்பேன்."

"பாருங்க மேடம்."

அதற்குப் பிறகு வெண்டல் கதவைத் தட்டவில்லை.

சுவரிலிருந்து ஈரக் குளிர் இறங்கியது. டொரோத்தியா விரல்களைச் சூடேற்ற விளக்கின் தகர மூடி மேல் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்தார். அப்படியே வைத்திருந்தார். மூன்று பீரங்கிகள் அடுத்தடுத்து வெடித்தன. கைகள் அங்கேயே இருந்தன. ஒரே ஒரு தடவை வெண்டலை நிமிர்ந்து பார்த்தார். வெண்டல் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெகு நேரம் கழித்து டொரோத்தியா குறிப்பேட்டை எடுத்தார். பென்சிலால் மெதுவாக எழுதி, கையெழுத்துப் போட்டு, தாளைக் கிழித்து நீட்டினார்.

"கொழுப்பு மெழுகுவத்தி. குறை ஒன்றும் இல்லை."

வெண்டல் அதை இரண்டு முறை படித்தார். "இன்னும் திறந்தே பாக்கலையே மேடம்?"

"வேண்டாம்." அவர் விளக்கைத் தன் மடிக்கு இழுத்து அணைத்துக்கொண்டார். "ஒண்ணு மட்டும் உண்மையைச் சொல்லிடுங்க, கார்ப்ரல்."

"கேளுங்க."

"பேட்டரி நாலு மணி வரைக்கும் தாங்குமா?"