அவர் பெயரில் ஒரு பட்டை

அன்று காலை வீட்டில் இருந்தவர்கள்: சர்க்கரை நோயாளி அம்பலவாணன், அவர் மனைவி தையல்நாயகி, ஸ்ட்ரெச்சரோடு வந்த ஆம்புலன்ஸ்காரர்கள் இருவர்.

ஓய்வுக்காலத்துக்கென்று வந்து குடியேறிய இந்த நாட்டில், விசா எடுத்தவர் எந்நேரமும் கட்டியிருக்க வேண்டிய, உடல்நிலையைக் கண்காணிக்கும் கைப்பட்டை சர்க்கரை ஏறிவிட்டதாகச் சொன்னால் விசா ரத்து. அதனால் மூன்று வருடமாக அவருடைய பட்டையைத் தையல்நாயகிதான் கட்டிக்கொண்டிருந்தாள். அவர் ஜிலேபி தின்றுகொண்டிருந்தார். அழைப்புமணி அடித்தபோதுதான் பட்டையைக் கழற்றி அவர் கையில் மாட்டினாள்.

"பட்டை மாரடைப்பு என்கிறது. படுங்கள் ஐயா" என்றது வந்தவர்களின் மொழிபெயர்ப்புக் கருவி.

தையல்நாயகி வியர்த்துப்போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் அவள் காதருகே குனிந்தார். "சொல்லிடட்டுமா?"

"வாயத் திறக்காதீங்க. ரெண்டு பேரையும் ஊருக்குத் துரத்திருவான். எனக்கு வெறும் வாயுதான்."

பட்டை பொய் சொல்லாது என்று அவருக்குத் தெரியும். இருந்தும் படுத்துக்கொண்டார். ஸ்ட்ரெச்சர் வாசலைத் தாண்டியதும், கதவு அவருக்குப் பின்னால் தானாக மூடிப் பூட்டிக்கொண்டது.