பின் சீட்டில் ஒரு தம்ளர்

பைக்கின் பின் சீட்டு நடுவில் தம்ளரை வைத்தான். விளிம்புவரை தண்ணீர்.

ஸ்டார்ட்டரை அழுத்தினான்.

இன்ஜின் உறுமியது. தண்ணீர் நடுங்கியது. முதலில் வட்டம் வட்டமாக. பிறகு கோணல்மாணலாக. கடைசியில் தம்ளரே நகர்ந்து சீட்டின் ஓரத்துக்கு வந்துவிட்டது. விழுவதற்குள் பிடித்தான்.

அணைத்தான்.

கொஞ்ச நாளாக ஞாயிற்றுக்கிழமைகள் இப்படித்தான் போகின்றன. அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழே, தூணோரம், நடு ஸ்டாண்டில் நிற்கும் பழைய குரூசர் பைக். தாழ்ந்த சீட், அகன்ற ஹேண்டில்பார், தெருவுக்கே கேட்கும் சத்தம். பெண் பார்க்கப் போனதே அதில்தான். மாப்பிள்ளைக்கு முன்னால் வண்டியைத்தான் பார்த்தேன் என்று அவன் மனைவி எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பாள்.

இப்போது அவள் டவுன் பஸ்ஸில் வேலைக்குப் போகிறாள்.

காரணம் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை.

அவள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் அவனுடைய பெரியம்மா பார்க்க வந்திருந்தாள். ஆப்பிள் பையை மேசையில் வைத்தாள். உள்ளறைக் கதவு திறந்துதான் இருந்தது. மனைவி அங்கேதான் படுத்திருந்தாள்.

"அந்த வண்டி ஆடற ஆட்டத்துக்கு வயித்துல எப்படிறா தங்கும்?"

மூன்றாவது மாதம்.

டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. வண்டிக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது, கரு உருவானதிலேயே ஏதோ கோளாறு, யார்மேலும் தப்பில்லை என்று இருவரையும் உட்காரவைத்துச் சொல்லியிருந்தார். அவனும் தலையாட்டியிருந்தான்.

ஆனால் பெரியம்மா கிளம்பிப் போன அன்று மாலையே கீழே இறங்கி, செயின் கவரைக் கழற்றினான்.

அவன் வேலை பம்ப்செட் கம்பெனியில். ஓடுகிற மோட்டாரில் உள்ளங்கையை வைத்தால் போதும், எந்த பேரிங் போயிருக்கிறது என்று சொல்லிவிடுவான். சொந்த வண்டியில் அந்தக் கைக்கு எதுவும் பிடிபடவில்லை.

முதலில் சக்கரத்தைச் சந்தேகப்பட்டான். அவினாசி ரோட்டில் வேகமெடுத்து, கிளட்சைப் பிடித்து, இன்ஜினைத் தணியவிட்டுப் பார்த்தான். வண்டி அதே வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதிர்வும் இன்ஜினோடு சேர்ந்து தணிந்தது. சக்கரம் இல்லை. இன்ஜின்தான்.

கார்புரேட்டரைக் கழுவினான். இன்ஜினைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் போல்ட்டுகளில் புது ரப்பர் புஷ் போட்டான். முறுக்கினான். இன்னும் முறுக்கினான். முறுக்க முறுக்க அதிர்வு கூடியது. ஓட்டும்போது கண்ணாடியில் பின்னால் வருவது லாரியா பஸ்ஸா என்றுகூடத் தெரியவில்லை.

இன்றும் அவள் டீ கொண்டுவந்து தூணோரம் வைத்துவிட்டுப் போனாள். ஆடை படிந்தது. குடிக்கவில்லை.

முதல் மாடி பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த நெல்சன் எட்டிப் பார்த்தார். நல்ல மனிதர். குடிவந்து கொஞ்ச நாள்தான். ஒன்றும் தெரியாதவர்.

"என்னங் தம்பி, காலைல இருந்து முக்கிட்டிருக்கீங்க. இன்னும் பிரசவம் ஆகலீங்களா?"

ஸ்பானர் நின்றது.

அவர் தன் ஜோக்குக்குத் தானே சிரித்துக்கொண்டு உள்ளே போனார்.

அவன் போல்ட்டுகளைத் தளர்த்த ஆரம்பித்தான். ஒன்று விடாமல். போதும். இன்ஜினை இறக்கிப் பழைய இரும்புக்குப் போட்டுவிட வேண்டியதுதான்.

எல்லாம் தளர்ந்தபின், ஆத்திரம் தாங்காமல் ஸ்டார்ட்டரை அழுத்தினான். ஆடு. எவ்வளவுதான் ஆடுவாய், பார்க்கிறேன்.

இன்ஜின் துள்ளியது. சட்டத்துக்குள் ஒருமுறை புரண்டது. பிறகு இடது பக்கமாக ஒரு நூலளவு நகர்ந்து உட்கார்ந்தது.

சத்தமே மாறிவிட்டது.

குனிந்து பார்த்தான். இத்தனை நாளும் அதைக் கோணலாகவே இறுக்கியிருக்கிறான். ஒரு பக்கம் இழுத்து, புது ரப்பரை நசுக்கி. அதுவாக உட்காரவே விட்டதில்லை.

அணைத்தான். இன்ஜின் இருந்த இடத்திலேயே வைத்து போல்ட்டுகளை அளவாகப் பூட்டினான். இன்னொரு சுற்றுக்குக் கை பரபரத்தது. அடக்கினான்.

தம்ளர். தண்ணீர். ஸ்டார்ட்டர்.

விளிம்பில் மட்டும் ஒரு மெல்லிய சிலிர்ப்பு. நடுவில், கூரையின் டியூப்லைட் நேர்க்கோடாகத் தெரிந்தது.

தம்ளரை விட்டு நகர பயமாக இருந்தது. போனில் அவளைக் கீழே வரச் சொன்னான்.

ஈரக்கையோடு வந்தாள். தம்ளரைப் பார்த்தாள். அது இருந்த இடத்தைப் பார்த்தாள்.

"ஆடல, பாரு" என்றான்.

சொன்ன பிறகுதான் உறைத்தது. இப்போது ஆடவில்லை என்றால், அப்போது ஆடியது.

பெரியம்மா சொன்னதை மெய்யென்று காட்டத்தானா இத்தனை நாளும் இந்தத் தூணோரம் குனிந்து கிடந்தான்?

இன்ஜின் சீராக ஓடிக்கொண்டிருந்தது. அவனுக்கு அதை அணைக்கவும் தோன்றவில்லை.

அவள் தம்ளரை எடுத்தாள். தண்ணீரை மடமடவென்று குடித்தாள். காலித் தம்ளரை ஆறிப்போன டீயின் பக்கத்தில் வைத்தாள். சேலையை ஒதுக்கிக்கொண்டு பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

"அன்னைக்கும் இப்படித்தானுங்க இருந்துச்சு."

இப்படி இல்லை. அவனுக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும்.

அவன் முன்னால் ஏறினான். கண்ணாடியைத் திருப்பினான். இப்போது உருவம் கலங்காமல் தெரிந்தது. தூண். தம்ளர். அவள் முகம்.

கண்ணாடி அசையவில்லை. அவள் உதடு மட்டும் துடித்தது.

இன்ஜினை அணைத்தான்.

அவள் இறங்கவில்லை.