அட்டையில் விழுந்த துளிகள்

நீலகிரியின் கேத்தியில் பனிமூட்டம் வாசல்வரை வந்து நிற்கிறது. நாளை எஃப்.சி. என்னும் தகுதிச் சோதனைக்குக் காட்டாவிட்டால் இந்த வாடகைக் கார் ஓடாது. கதவில் பெயிண்ட் அடிக்குமுன் வெள்ளியங்கிரி மலிவு விலை ஸ்ப்ரே கன்னை அட்டையில் சோதிக்கிறார். விசிறியாய் விரியும் கறுப்புப் பெயிண்டில் நீர்த்துளிகள் குழிகுழியாக விழுகின்றன.

"கடைக்காரன் ஓட்டை ஸ்ப்ரே கன்ன என் தலையில கட்டிட்டான், புள்ள!"

மனைவி சாந்தாமணி, கன்னுக்குக் காற்று தரும் கம்ப்ரசர் தொட்டியின் அடித்திருகைத் தளர்த்துகிறாள். ஈரக்காற்றை அமுக்க அமுக்கத் தண்ணீர் அடியில்தான் தேங்கும். ஒரு சொம்பளவு சீறிக்கொண்டு கொட்டுகிறது.

"ஏனுங்க, இதையும் கடைக்காரருதான் ஊத்துனாருங்களா?"

மறுபடி அட்டையில் அடித்தால் பெயிண்டில் ஒரு நீர்த்துளியும் இல்லை. கன்னைக் குறை சொன்னவர், இப்போது தன் கையையே சந்தேகமாகப் பார்க்கிறார்.

"நீயே அடி."

அவள் முந்தானையைச் செருகிக்கொண்டு, கன்னை வாங்கி விசையை அழுத்துகிறாள். கதவு ஒரே சீராகக் கறுக்கிறது.