சேமிக்கும் நேரம்: பூஜ்யம்

2041, மார்ச் நான்காம் தேதி, காலை 7.40. பாதாளச் சாக்கடைக்குள் இறங்கப்போகும் புதிய தொழிலாளியின் தலைக்கவசக் கேமராவுக்கு, கம்பெனி அலுவலகத்தில் நீலவேணி கணினி நிரல் எழுதிக்கொண்டிருந்தாள். சட்டம் நேரலையைக் கேட்டது, சேமிப்பைக் கேட்கவில்லை. அதனால் நிரலில் காட்சியைச் சேமிக்கும் நேரம் எப்போதும் பூஜ்யம்தான்.

போன வாரம் குழிக்குள் இறங்கிய அந்தோணி விஷவாயுவில் செத்ததற்கும் பதிவு இல்லை. இடுப்பில் கட்டும் பாதுகாப்புக் கயிற்றை அவரே கழற்றிவிட்டார் என்று கம்பெனி எழுதிக் கொடுத்தது. கயிறே கட்டவில்லை என்பதை நேரலையில் பார்த்தவள் நீலவேணி.

இன்று பூஜ்யத்தை அழித்துவிட்டு ஒரு வருடம் என்று போட்டு, நேரலையைத் திறந்தாள்.

"யாரைக் கேட்டும்மா மாத்துன? பழையபடி பூஜ்யம் போடு!" பின்னால் நின்ற மேலாளர் கிரிதரன் கத்தினார்.

குழியைப் பார்க்கப் புதியவர் குனிந்தார். திரையில் அவர் இடுப்பு தெரிந்தது.

"இவர் இடுப்புலயும் கயிறு இல்ல. இவரும் தானாவே கழட்டிட்டாரா, சார்?"