கூடத்தில் சோபா

காலையில் கபிலன் பாயைச் சுருட்டினான், பால் காய்ச்சினான், கூடத்தில் இருந்த ஒரே மரப்பலகையில் உட்கார்ந்து காபி குடித்தான். மற்ற சாமான்களையெல்லாம் அவன் மனைவி நிறைமதி யார்யாருக்கோ கொடுத்துத் தீர்த்திருந்தாள். வெயில் கால் நீட்டிப் படுக்க இடம் வேண்டுமாம். அவள் இறந்த பிறகும் வெயில் தவறாமல் வந்தது.

வாசலில் வேன் நின்றது. அக்கா ஒரு சோபாவோடு இறங்கினாள்.

“துக்கத்துக்கு வர்றவங்க, வீட்ட ஜப்தி பண்ணிட்டாங்களான்னு கேக்குறாங்கடா.”

கபிலன் சிரித்துவிட்டான். ஆனாலும் கதவை மறித்து நின்றான்.

“வழிய விடுடா. அவதான் இல்லையே, இன்னும் யாருக்குப் பயம்?”

ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோகும்போது, ஸ்ட்ரெச்சரில் தலையைத் தூக்கி நிறைமதி கடைசியாகச் சொன்னது இதுதான்:

“உங்க அக்கா சோபா கொண்டுவருவாங்க. அது உள்ள வந்தா நான் வரமாட்டேன், பாத்துக்குங்க.”