ஓட்டைக் கூரைப் பாட்டு

நிகழ்ச்சி தொடங்க இன்னும் இருபது நிமிடம் இருந்தது. பள்ளிக்கூட வாட்ச்மேனின் கண் மேடைப் பக்கமே போகவில்லை. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த எழுபது தாண்டிய கான்ட்ராக்டர் மேலேயே இருந்தது.

ஊரையே சிரிக்க வைத்த நையாண்டிப் பாட்டுக்காரர் போய்ச் சேர்ந்து ஒரு வருடம் ஆகிறது. அவர் பாட்டுகளையே பாடி அவருக்கு அஞ்சலி. டிக்கெட் வசூல் ஊர்ப் பள்ளிகளின் நூலகங்களுக்கு. பாட்டு டீச்சர்தான் எல்லா ஏற்பாடும். யார் மனமும் நோகாமல் நடத்திவிட வேண்டும் என்று வாரம் முழுக்கச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

வாட்ச்மேனுக்கு அந்தப் பாட்டுகளில் முழுதாகத் தெரிந்தது ஒன்றே ஒன்று, ‘ஓட்டைக் கூரை’. முப்பது வருடத்துக்கு முன் அவர் இதே பள்ளியில் ஐந்தாம் வகுப்பு. கான்ட்ராக்டர் கட்டிய புதுக் கட்டடம் முதல் மழைக்கே ஒழுகியது. பிள்ளைகள் நோட்டைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு பாடம் கேட்டார்கள். ஒரு நாள் பாட்டுக்காரர் குடையும் கையுமாக வந்து வகுப்பு நடுவில் நின்று, கான்ட்ராக்டர் பேரைச் சொல்லியே பாடிவிட்டார். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? சந்தையில், பஸ்ஸில், சலூனில் எங்கும் அதே பாட்டு. மூன்றே மாதத்தில் கான்ட்ராக்டர் தன் செலவிலேயே கூரையை மாற்றிக் கொடுத்தார்.

அந்தப் பாட்டை இன்று மேடையில் கேட்கத்தான், மச்சினி வீட்டு விசேஷத்துக்குக்கூடப் போகாமல், வாட்ச்மேன் டூட்டி கேட்டு வாங்கியிருந்தார்.

அதற்கு வேட்டு வைக்கத்தான் கான்ட்ராக்டர் அலைகிறார் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. மூன்று நாளாக மனிதர் பள்ளியையே சுற்றிச் சுற்றி வந்தார். என்னென்ன பாட்டு என்று பாடகரைக் கேட்டார், கீபோர்டுக்காரரைக் கேட்டார். டீச்சரைக் கேட்டபோது அவர் சிரித்து மழுப்பிவிட்டார். இன்று மகன்கள், மருமகன்கள், பேரப்பிள்ளைகள் என்று பெரும் படையோடு வந்திறங்கி முன்வரிசையில் பத்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். பாட்டு தொடங்கியதும் கலாட்டா செய்யத்தான் இந்தக் கூட்டம் என்று வாட்ச்மேன் முடிவுகட்டினார்.

யாரோ டிக்கெட் நம்பர் கேட்டார்கள். பதில் சொல்லிவிட்டுத் திரும்பினால் கான்ட்ராக்டர் நாற்காலி காலி.

வாட்ச்மேன் டீச்சர் அறைக்கு ஓடினார். நினைத்தது சரியாகப் போயிற்று. கான்ட்ராக்டர் பென்சிலும் கையுமாக மேஜைமேல் குனிந்திருந்தார். பென்சிலுக்கு அடியில் பாட்டுப் பட்டியல்.

"ஐயா, அதை இப்படிக் குடுங்க."

கான்ட்ராக்டர் வெலவெலத்துப் போனார். தாளை மடித்து நீட்டினார். "தம்பி, டீச்சர்கிட்ட சொல்லிடாதப்பா. முப்பது வருஷமா அந்தப் பாட்டைச் சுமந்துக்கிட்டுத் திரியறேன். பேரப்பிள்ளைங்க எல்லாம் வந்து உக்காந்திருக்குதுங்க. அதுங்க முன்னால என் மானத்தை வாங்கிடாத."

வாட்ச்மேனுக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் பழைய ஈரம் அவருக்கு இன்னும் காயவில்லை.

"நனைஞ்சது நாங்க. மானம் போறது உங்களுக்கா?"

கான்ட்ராக்டர் வாயைத் திறக்குமுன் கதவைச் சாத்தி வெளியே பூட்டினார். வரும்போதே மேஜையிலிருந்த ரப்பரை மறக்காமல் எடுத்துக்கொண்டார். பென்சில் கோடுதானே, அழித்தால் போயிற்று. பட்டியலை மேடையில் கொடுக்க இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது.

வராந்தாவில் நின்று தாளைப் பிரித்தார். டீச்சர் டைப் செய்த பன்னிரண்டு பாட்டு. ஒன்றின்மேலும் கோடு இல்லை. மேலிருந்து கீழ், கீழிருந்து மேல் என்று இரண்டு தடவை தேடினார். ‘ஓட்டைக் கூரை’ அந்தப் பன்னிரண்டில் இல்லவே இல்லை. யார் மனமும் நோகக் கூடாதென்று டீச்சரே விட்டுவிட்டிருக்கிறார்.

பதின்மூன்றாவதாக, நடுங்கிய பென்சில் எழுத்தில் இப்படி இருந்தது: "ஓட்டைக் கூரை. ஐந்து சரணமும் பாடவும். என் பேர் வருகிற வரியை மட்டும் இரண்டு தடவை."